அடிமைக் கப்பலில் ஏறிய நம் கரைத் துணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடிமை வணிக நினைவு நாளான ஆகஸ்ட் 23-ஐ ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த விஷயத்துக்குத் தமிழில் முழுப் பக்கம் ஒதுக்குவதே அபூர்வம். 1791 ஆகஸ்ட் 22 இரவு இன்றைய ஹெய்ட்டியில் வெடித்த கிளர்ச்சியின் நினைவாகத்தான் அந்த நாள் குறிக்கப்பட்டது என்பதையும் கட்டுரை சரியாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஐரோப்பியர் ஆப்பிரிக்காவில் "கண்ணாடி மணியும் சாராயமும் காட்டி ஏமாற்றி ஆட்களை வாங்கினார்கள்" என்ற வரி எங்களை உறுத்துகிறது. தறிச் சத்தத்துக்கு நடுவில் இருந்து எழுதுகிறோம், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்த வரியில் விட்டுப்போன பெரிய சரக்கு துணி. அதில் கணிசமானது சோழமண்டலக் கரையிலிருந்து போனது.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள பானி துறையில் ஓர் ஆண் அடிமைக்குக் கொடுத்த விலையை ஆங்கிலேய மாலுமி ஒருவர் உருப்படி உருப்படியாக எழுதி வைத்திருக்கிறார். சீட்டித் துணி ஒரு பீஸ், 18 கஜம். பாஃப்ட் என்ற சாதாத் துணி 18 கஜம். செல்லோ 18 கஜம். பந்தனா ஒரு பீஸ், அதில் கைக்குட்டை 7. நிக்கானி 14 கஜம், குஷ்தா 15 கஜம், ஃபோட்டா 15 கஜம். ருமால் மூன்று பீஸ், கைக்குட்டை 45. இவ்வளவுக்கும் பிறகுதான் பெரிய பித்தளைச் சட்டி ஒன்று, துப்பாக்கி 2, வெடிமருந்து 25 சிறு பீப்பாய், சக்கிமுக்கிக் கல் 100, ஈயக்குண்டு 2 பை, கத்தி 20, இரும்புப் பானை 4, தொப்பி 4, குல்லாய் 4, குறுவாள் 4, மணி 6 கொத்து, பிராந்தி 14 காலன். எல்லாம் சேர்த்து 25 பவுன் மதிப்பு.

கூட்டிப் பாருங்கள். துணி 98 கஜம், கைக்குட்டை 52. மணி ஆறே கொத்து. துணிகளின் பெயர்கள் அத்தனையும் இந்தியச் சரக்குக்கு வழங்கிய பெயர்கள். அந்தக் காலத்துக்குள் மான்செஸ்டரில் செய்த போலிகளும் இதே பெயர்களில் போய்க்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

துணியை வாங்கிய ஆப்பிரிக்கர்கள் ஏமாளிகளும் அல்லர். மேற்கு ஆப்பிரிக்கா நெய்யத் தெரியாத நாடு அல்ல. பெனின் துணியை டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வாங்கி, தங்கக் கரையில் (இன்றைய கானா) கொண்டுபோய் விற்று லாபம் பார்த்திருக்கிறார்கள். இந்தியத் துணியை அங்கே கேட்டது அதன் நிறத்துக்காகவும் கட்டத்துக்காகவும்தான். சாயம் நிற்கிறதா, எத்தனை இழை, முனையில் கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகே பேரம். செனகல் ஆற்றங்கரையில் புதுச்சேரி நீலத்துணியை மோந்தும் தடவியும் பார்த்தே, பிரான்சில் செய்த போலியிலிருந்து பிரித்துவிடுவார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் நைஜீரிய வியாபாரிகள் பனியனைக் கசக்கி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது.

மெட்ராஸ் கைக்குட்டை என்ற கட்டம் போட்ட துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சதுரம் சதுரமாகப் பிரிக்கும்படி ஒரே நீளமாக நெய்வது அது. நைஜர் கழிமுகத்தின் கலபாரி மக்கள் அதை அப்படியே கட்டிக்கொள்வதோடு நிற்பதில்லை. சவரக் கத்தியின் நுனியால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் தூக்கி, அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். மீதி இழைகள் துணியைத் தாங்கி நிற்க, கட்டத்துக்குள் புதிதாக ஓர் உருவம் தெரியும். பெலெட்டே பிட்டே என்று அதற்குப் பெயர். எந்த இழையை எடுத்தால் பாவு (நீளவாக்கு இழைகள்) சரியும், எதை எடுத்தால் சரியாது என்று தெரியாத கைக்கு இது வராது. நாம் பூவை நெய்து சேர்க்கிறோம், அவர்கள் அறுத்துக் கொண்டுவருகிறார்கள்.

சரி, இந்தத் துணி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? கிழக்கிந்தியக் கம்பெனிகள் வாங்கிய நீளத்துணி 72 முழ நீளம், இரண்டேகால் முழ அகலம். அதாவது 36 கஜம், சுமார் 40 அங்குலம். பாவின் கணக்கு புஞ்சத்தில். ஒரு புஞ்சம் 120 இழை. 14 புஞ்சத் துணி என்றால் பாவில் 1,680 இழை, அங்குலத்துக்கு 42. 18 புஞ்சம் என்றால் 2,160 இழை, அங்குலத்துக்கு 54. பல்லடம் காடாவின் கணக்கோடு வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். சேலம்பூர் என்றொரு ரகமும் போனது. அது 32 முழம். பெயரின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சேலத்தோடு முடிச்சுப் போட்டிருந்தது தங்கள் கட்டுரை. ரகத்தின் பெயரில் ஊர் தேடுவது ஜவுளியில் எப்போதும் ஆபத்து.

நீலத்துக்கு அவுரி. அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையைப் போட்டுத் தொட்டியைப் புளிக்க வைத்தால்தான் சாயம் இறங்கும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகும். அழுத்தமான நீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். புளிப்பு மிஞ்சினாலும் குறைந்தாலும் சாயம் மேலாக ஒட்டிக்கொண்டு, துவைத்த முதல் நாளே போய்விடும். பிறகு கஞ்சி போட்டு மரக்கட்டையால் அடித்து அடித்துச் செம்புப் பளபளப்பு ஏற்றுவார்கள். பரங்கிப்பேட்டை, கடலூர், புதுச்சேரி வட்டாரம் இதற்குப் பேர்போனது.

பேல் கட்டிய பிறகும் தொல்லைதான். சென்னைக்கு அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலில் ஏற்ற வேண்டும். ஒரு அலை உள்ளே விழுந்தால் பேல் நனையும், நனைந்த பேல் வழியிலேயே பூசணம் பிடிக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் கப்பல் கரையை விட்டாக வேண்டும். லண்டனுக்கு ஆறு மாத ஓட்டம். அங்கே கம்பெனியின் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் லிவர்பூலுக்கோ பிரிஸ்டலுக்கோ அனுப்பி, அங்கிருந்து ஆப்பிரிக்கா. நெசவாளிக்கு முன்பணம் கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் இரண்டு வருஷத்துக்குக் குறையாது.

இங்கிலாந்துச் சட்டமும் இதற்குத் துணை போனது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் கூச்சலுக்காக 1700-லும் 1721-லும் இந்திய அச்சுத் துணிக்கு, சாயத் துணிக்கு அங்கே தடை போட்டார்கள். உடுத்தத்தான் தடை. கிடங்கில் பூட்டி வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இல்லை. லண்டன் பெண்கள் கட்டக்கூடாத சீட்டித் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்குக் கப்பல் ஏற வழி இப்படித்தான் இன்னும் அகலமாகத் திறந்தது.

கப்பல்காரனுக்கு இதில் பெரிய தலைவலி சரக்கைக் கலந்து கட்டுவது. கரைக்குக் கரை விலை பேசும் கணக்கு வேறு. செனகாம்பியாவில் இரும்புப் பாளம், தங்கக் கரையில் 'அவுன்ஸ்', பழைய கலபாரில் செம்புக் கம்பி, லோவாங்கோவில் 'பீஸ்'. நாலு பீஸ் நல்ல துணியைக் காட்டித்தான் மட்டச் சரக்கைத் தள்ள முடியும். ஒரே ஒரு ரகம் குறைந்தால் மொத்தப் பேரமும் நின்றுவிடும். போன வருஷம் ஓடிய கட்டம் இந்த வருஷம் ஓடாது. பண்டம் சரியாக அமையாத கப்பல் மாதக்கணக்கில் கரையிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்தால் முதலில் வாங்கி அடைத்த மனிதர்கள் அத்தனை மாதமும் கீழ்த்தட்டிலேயே. சீதபேதி அங்கேயே தொடங்கிவிடும். அங்குள்ள தரகருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்து, ஆட்களை வாங்கிவர உள்நாட்டுக்கு அனுப்பும்போது, அவருடைய உறவினர்களையே கப்பலில் அடமானமாகப் பிடித்து வைப்பதும் கலபாரில் வழக்கம்.

சோழியையும் விட்டுவிடக் கூடாது. நாம் தாயம் உருட்டும் அதே சோழிதான் அங்கே காசு. மாலத்தீவில் பொறுக்கி, வங்காளம், இலங்கை வழியாக, கப்பல் சாயாமல் இருக்க அடிப்பாரமாகவே ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் விதா துறைக்குப் போகும். 40 சோழி ஒரு சரம். ஐந்து சரம் 200. அப்படி இருபது சேர்ந்தால் 4,000, அது ஒரு 'கபெஸ்'. நாலு கபெஸ், அதாவது 16,000 சோழி, ஓர் 'அவுன்ஸ்' என்ற விலைக் கணக்கு. அத்தனை சோழியின் எடை சுமார் 18 கிலோ. ஓர் ஆளின் விலை இப்படிப் பல அவுன்ஸ். எண்ணவே தனியாக ஆள் வைத்திருந்தார்கள்.

கப்பலுக்குள் என்ன நடந்தது என்பதைத் தங்கள் கட்டுரை "மிருகங்களைப் போல அடைத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அளவு சொல்லியிருக்கலாம். அளவு சொன்னால் வேறு சொல்லே வேண்டியதில்லை. பக்கத்தின் நடுவில் போட்டிருந்த படம் லிவர்பூல் கப்பலான ப்ரூக்ஸின் படம். அதில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலம், அதே அகலம். பையனுக்கு 5 அடிக்கு 1 அடி 2 அங்குலம். சிறுமிக்கு நாலரை அடிக்கு 1 அடி. வீட்டில் 30-க்கு 60 துண்டு இருந்தால் நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தரையில் விரித்துப் பாருங்கள். அகலம் 15 அங்குலம் வரும். நீளத்துக்கு இன்னும் ஓர் அடி சேர்த்தால் ஓர் ஆணின் இடம் அதுதான், இரண்டு மாதத்துக்கு. தட்டுக்கு நடுவில் பலகை அடித்து இரண்டு அடுக்காகப் படுக்க வைத்ததால் தலைக்கு மேலே 2 அடி 7 அங்குலம். சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. ஆண்களை இரண்டிரண்டு பேராக, ஒருவர் வலது காலையும் அடுத்தவர் இடது காலையும் சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள். ராத்திரி ஒருவருக்கு வயிறு கலங்கினால் மற்றவரையும் எழுப்பி, படுத்திருப்பவர்கள்மேல் தடுமாறித்தான் வாளிக்குப் போக வேண்டும். முக்கால்வாசி நேரம் போய்ச் சேரமாட்டார்கள். சீதபேதி பரவிய விதமும் அதுதான்.

அந்தப் படத்தில் இருப்பது 482 உருவங்கள். 1788-இல் பிரிட்டன் பார்லிமெண்ட் போட்ட சட்டப்படி ப்ரூக்ஸ் ஏற்றலாம் என்ற எண்ணிக்கை 454. அதற்கு முன் அதே கப்பல் 609 பேர் வரை ஏற்றியிருக்கிறது. ஆக, உலகம் பார்த்து அதிர்ந்த படமே உண்மையைவிடக் காலியாக வரைந்த படம்.

தண்ணீர்க் கணக்கு இன்னொன்று. தலைக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 400 பேருக்கு 60 நாளைக்கு 36,000 லிட்டர். கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் மூன்று. இது முழுக்க மரப் பீப்பாயில். காற்று விழுந்து பயணம் நீண்டால் முதலில் குறைப்பது இதைத்தான்.

சோங் என்ற அடிமைக் கப்பலின் விவகாரத்தைக் கட்டுரை தொட்டிருந்தது, ஆனால் "தண்ணீர் தீர்ந்ததால் கடலில் வீசினார்கள்" என்று முடித்தது. அது முதலாளிகள் நீதிமன்றத்தில் சொன்ன வாதம். 442 பேரை ஏற்றிக் கிளம்பிய கப்பல், ஜமைக்காவை வேறு தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டது. 1781 நவம்பர் 29 தொடங்கிச் சில நாட்களுக்குள் 130 பேர் அளவில் கடலில் வீசினார்கள். இடையில் மழை பெய்தது. ஜமைக்காவில் கரை சேர்ந்தபோது 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது. காரணம் காப்பீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. அடிமை நோயில் செத்தால் இழப்பீடு கிடையாது. கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் தலைக்கு 30 பவுன் உண்டு. 1783-இல் ஜூரி முதலாளிகளுக்குச் சாதகமாகவே சொன்னது. மேல் விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கொலை வழக்கு என்று ஒன்று யார் மேலும் வரவில்லை.

எண்களில் இரண்டு திருத்தம். "பத்துக் கோடிப் பேர்" என்று போட்டிருந்தீர்கள். பயணப் பதிவுகளைத் தொகுத்து ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டுள்ள கணக்கு: 1501 முதல் 1866 வரை அட்லாண்டிக்கில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. நடுவில் உள்ள 18 லட்சம் கடலோடு போனது. பிடிபட்ட இடத்திலும் கரைக்கு நடந்த வழியிலும் செத்தவர்கள் இதில் சேரமாட்டார்கள். இரண்டாவது, "பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு" என்பது தவறு. இன்றைய ஐக்கிய அமெரிக்க மண்ணில் நேராக இறங்கியவர்கள் நாலு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சத்துக்கு மேல். கரும்புத் தோட்டம் ஆளைத் தின்றது. செத்தவர் இடத்துக்குப் புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, கொங்குத் தறிதான் அடிமை வணிகத்தை நடத்தியது என்று யாராவது எழுதினால் அதுவும் பிழையே. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. கோயம்புத்தூர் கம்பெனி கைக்கு வந்தது 1799-இல். பிரிட்டன் தன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807-இல். கம்பெனியின் ஆப்பிரிக்கத் துணி கரையோரத்துச் சரக்கு. நெய்தவருக்குத் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்கவும் வழியில்லை. அவர் கையிலே முன்பணக் கடன் இருந்தது. பீஸை முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று தட்டிக் கழித்து விலையைக் குறைத்த தரகர் எதிரே இருந்தார், அவ்வளவுதான்.

கொங்குக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது பருத்தி வழியாக. 1793-இல் விட்னியின் ஜின் (பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரம்) வந்த பிறகு அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமை உழைப்பில் பருத்தி பெருகியது. 1860-இல் அங்கே அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் எடுத்த பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அவர்கள் பறித்தது. அந்த நூலும் துணியும்தான் இங்கே வந்து கைத்தறியின் விலையை உடைத்தது. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்கத் துணி கொடுத்த கரை, அந்த ஆப்பிரிக்கரின் பேரப்பிள்ளைகள் பறித்த பருத்தியால் சந்தையை இழந்தது. 1861-65 உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் பருத்தி நின்றதும் கோவை, திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியதும், போர் முடிந்ததும் சரிந்ததும் இதன் கடைசி அத்தியாயம். நாலு வருஷ விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் கதி என்ன என்று இன்றைய பருத்தி, மஞ்சள் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விடுபாடு. கடல் கடந்து விற்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. 1659-61-இல் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது, நாகப்பட்டினம் வட்டாரத்திலிருந்து டச்சுக் கம்பெனி எட்டாயிரம் பேருக்குக் குறையாமல் வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. அட்லாண்டிக்கைப் பற்றிய கட்டுரைதான் என்றாலும், தமிழ்ப் பத்திரிகையில் இதற்கு ஒரு பத்தி இடம் இருந்திருக்கும்.

அந்தக் கப்பல் படத்தை மறுபடி போடும்போது கீழே 'அடிமைக் கப்பல்' என்று மட்டும் விடாமல், கப்பல் ப்ரூக்ஸ், ஊர் லிவர்பூல், வரைந்தது 1788-89, வரைந்தவர்கள் அடிமை வணிக எதிர்ப்புக் குழுவினர், உருவங்கள் 482, உண்மையில் ஏற்றியது 609 வரை என்று போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெசவுத் தொழில் வாசகர்கள்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.